குறைந்த செலவில் தீவு, கடற்கரை கேம்பிங்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

நண்பர்கள் கூடி "ஏதாவது ஒரு தீவுக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கலாம்" என்று பேச்சை எடுத்தவுடனே யாராவது ஒருவர் போனில் டென்ட் விலை பார்க்க ஆரம்பித்துவிடுவார். அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். டென்ட் இரவல் கிடைக்கும், வாடகைக்குக் கிடைக்கும், மழையில்லாத காலம் என்றால் ஒரு தார்ப்பாயும் கொசுவலையுமே போதும். பணம் உண்மையில் கரைவது படகில், கிளம்பும் தேதியில், அப்புறம் படகுத்துறைக்குப் பக்கத்தில் கடைசி நிமிடத்தில் அவசரமாக வாங்கும் சாமான்களில். இவற்றை முன்கூட்டியே பிடித்துவிட்டால் மீதியெல்லாம் சில்லறைச் செலவு. கஞ்சத்தனம் காட்டக் கூடாதவை என்றால் குடிதண்ணீரும் திரும்பி வரும் வழியும்தான். ஆளில்லாத தீவில் கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் இந்த இரண்டையும் வாங்க முடியாது.

எத்தனை பேர், எந்த நாள்

தனியாகப் பேசி எடுக்கும் படகுக்குப் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று கேட்க மாட்டார்கள், ஒரு நடைக்கு இவ்வளவு என்றுதான் கேட்பார்கள். மூன்று பேர் போனாலும் எட்டுப் பேர் போனாலும் கிட்டத்தட்ட அதே தொகை என்பதால் 6 முதல் 8 பேர் என்பது நல்ல அளவு. பத்தைத் தாண்டினால் இரண்டாவது படகு, இரண்டாவது அடுப்பு, எதை முடிவு செய்வதற்கும் அரை நாள் விவாதம் என்று எல்லாம் பெருகிவிடும். "பார்க்கலாம், வந்தாலும் வருவேன்" என்பவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பங்குப் பணத்தைக் கொடுத்தவர்தான் வருகிறவர். கடைசி நேரத்தில் ஒருவர் கழன்றுகொண்டால் அவருடைய படகுப் பங்கு திரும்பக் கிடைக்காது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்போது அது விதி, பிறகு சொன்னால் சண்டை.

தேதியைப் பொறுத்தவரை, நீண்ட விடுமுறையை ஒட்டிப் போனால் பேருந்து, படகு, கரையில் தங்க இடம் என எல்லாவற்றின் விலையும் ஏறியிருக்கும், கடற்கரையும் சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஆளுக்கு ஒரு நாள் லீவு போட்டு வாரநாளில் போவதே பல நேரம் பெரிய சேமிப்பு. நிலாவையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும், நன்றாக வற்றவும் செய்யும். அரைநிலா நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. மணல் பட்டை குறுகலான கரையில் தங்குவதென்றால் அரைநிலா நாட்களே நிம்மதி. நட்சத்திரம் பார்க்க ஆசையென்றால் அமாவாசைதான், ஆனால் டென்ட்டை இன்னும் தள்ளிப் போட வேண்டியிருக்கும்.

படகுச் செலவே கட்டுப்படியாகவில்லை என்றால் தீவு ஆசையைச் சுருக்கிக்கொண்டு, சாலையிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து போகக்கூடிய கடற்கரையைத் தேடுங்கள். வாகனம் போகாத இடமாக இருந்தாலே கூட்டம் பாதியாகிவிடும். கடல் வற்றும்போது நடந்து போய்ச் சேரக்கூடிய தீவுகளும் உலகம் முழுக்க உண்டு. இலவசம்தான், ஆனால் நேரக் கணக்கு பிசகக் கூடாது. இங்கிலாந்தில் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடலில் மூழ்கிவிடும். எச்சரிக்கைப் பலகை, நேர அட்டவணை எல்லாம் இருந்தும் கார்கள் நடுவில் மாட்டிக்கொள்வது அங்கே வாடிக்கை.

இடத்தை முடிவு செய்யும் முன்னால் அங்கே இரவு தங்க அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஆளில்லாத தீவு என்றால் கேட்பாரற்ற தீவு என்று அர்த்தமில்லை. பல தீவுகள் காப்பகமாகவோ தேசியப் பூங்காவாகவோ தனியார் சொத்தாகவோ இருக்கும், கடலாமை முட்டையிடும் மாதங்களிலும் பறவைகள் கூடுகட்டும் மாதங்களிலும் மட்டும் மூடப்படும் கரைகளும் உண்டு. அபராதம் என்று ஒன்று வந்தால் நீங்கள் சேமித்ததெல்லாம் ஒரே ரசீதில் போய்விடும்.

படகுக்காரரிடம் பேசுவது

பேரம் பேசுவதைவிட முக்கியம், எதற்குப் பேரம் பேசுகிறோம் என்று தெளிவாக இருப்பது. விட்டுவிட்டு வருவதற்கா, மறுபடி வந்து அழைத்துப் போவதற்கும் சேர்த்தா? எந்தக் கரையில் இறக்குவார், எந்தக் கரையில் ஏற்றுவார்? ஒரே தீவில் காற்று திசை மாறினால் இறங்கிய பக்கம் அலை அடித்து, ஏறுவதற்கு எதிர்ப்பக்கம் நடக்க வேண்டி வரலாம். கடல் கொந்தளித்து அன்று வர முடியாமல் போனால் அடுத்த நாள் எத்தனை மணிக்கு வருவார், அதற்குத் தனிக் காசு உண்டா? இதையெல்லாம் பேசி, பேசியதை அப்படியே மெசேஜாக அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தில் பாதியைப் போகும்போது கொடுங்கள், மீதியைத் திரும்பி வந்த பிறகு. முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்பவரிடம் நான் படகு எடுக்க மாட்டேன், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒன்று இருக்கிறதா என்று கரையிலேயே எண்ணிப் பாருங்கள். படகில் எங்கேயோ கட்டி வைத்திருக்கிறது என்பதற்கும் உங்கள் உடம்பில் மாட்டியிருக்கிறது என்பதற்கும் நிறைய வித்தியாசம். ஏற்ற வேண்டிய ஆள் எண்ணிக்கையைத் தாண்டி "இன்னும் இரண்டு பேர் பரவாயில்லை" என்றால், குறையும் பங்குத் தொகையைப் பார்க்காமல் மறுத்துவிடுங்கள்.

காலையில் போய்க் காலையில் திரும்புவதுபோல் திட்டமிட முடிந்தால் நல்லது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று வலுக்கும். அதனால் பல கரைகளில் பிற்பகல் கடல் காலைக் கடலைவிட முரடாக இருக்கும். கிளம்பும் முந்தின நாள் வானிலை எச்சரிக்கையைப் பார்ப்பதோடு காற்றின் வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் என்றாலே கடலில் வெள்ளை நுரைத் தலைகள் நிறையத் தெரியும், மணல் பறந்து சோற்றில் விழும். 30-ஐத் தாண்டினால் சாதாரண டென்ட்டுக்குள் தூக்கம் வராது, சிறிய படகில் வயிறும் நிற்காது. தேதியைத் தள்ளிப் போடுங்கள். கரையில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் கடலோரக் காவல்படைக்குச் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இதற்குக் காசு எதுவும் ஆகாது.

தண்ணீர்க் கணக்கு

வெப்பமான இடத்தில் குடிக்க, சமைக்க, பல் துலக்க என்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர், இரண்டு முழு நாள் என்றால் 80 லிட்டர். படகு ஒரு நாள் தாமதமானால் என்று குடிப்பதற்கு மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் சேர்த்தால் இன்னும் 24. மொத்தம் 104 லிட்டர், அதாவது 104 கிலோ. இந்த எடையைப் பார்த்ததும் யாராவது "இவ்வளவு எதுக்கு, கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்பார். குறைக்காதீர்கள். வேண்டுமென்றால் ஸ்பீக்கரையும் மடக்கு நாற்காலியையும் விட்டுவிட்டு வாருங்கள்.

பெரிய கேன்களில் எடுக்காமல் 5, 10 லிட்டர் கேன்களாகப் பிரித்து எடுப்பது நல்லது. மணலில் தூக்கி நடக்க முடியும், ஒன்று ஒழுகினாலும் எல்லாம் போகாது. கேன்களைப் புதிதாக வாங்க வேண்டாம், வீட்டில் கிடக்கும் பெரிய பாட்டில்களைக் கழுவி நிரப்பினால் போதும். அவற்றில் சிலவற்றை முக்கால் பங்கு நிரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்துவிடுங்கள். முதல் நாள் சாப்பாட்டுப் பெட்டிக்கு அதுதான் ஐஸ், உருகியதும் குடிதண்ணீர். ஐஸ்கட்டிக்குத் தனியாகச் செலவழித்து, கடைசியில் உருகிய அழுக்குத் தண்ணீரைக் கீழே கொட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

பாத்திரம் தேய்க்க, காய் கழுவ, கால் கழுவக் கடல்நீரே போதும், கடைசியாக ஒரு கை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். கடல்நீரை மட்டும் குடிக்கப் பார்க்காதீர்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதை வெளியேற்ற உடம்பு குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டும், கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. தீவில் ஊற்றோ கிணறோ இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதைக் குளிக்க வைத்துக்கொள்ளுங்கள், குடிதண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எங்கே டென்ட் போடுவது

கரையில் இறங்கியதும் எல்லோரும் அலைக்குப் பக்கத்தில் அழகாக ஒரு இடத்தைக் காட்டுவார்கள். முதலில் கடற்பாசி, சுள்ளி, பிளாஸ்டிக் எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைத் தேடுங்கள். கடைசியாகக் கடல் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் மேலே இன்னொரு பழைய, காய்ந்த கோடு தெரியும். அது அமாவாசை பௌர்ணமி ஏற்றத்திலோ புயல் அலையிலோ ஒதுங்கியது. இந்த மேல் கோட்டுக்கும் மேலேதான் உங்கள் இடம். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் ஏற்ற நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்று இரவு பத்து மணிக்குத் தண்ணீர் எங்கே நின்றது என்று தெரிந்தால் இன்று பதினொன்றை ஒட்டி எழுந்து பார்த்துக்கொள்ளலாம். போகுமுன் அந்தக் கரைக்கான அட்டவணையைப் போனில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் இருக்காது. ஏற்றத்தின் உயரம் இடத்துக்கு இடம் மாறும். சில கடல்களில் ஓரிரு சாண்தான், கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகும். அதனால் போன தடவை வேறு கரையில் பார்த்த அனுபவத்தை இங்கே நம்ப வேண்டாம்.

மேலே போகிறேன் என்று மணல்மேட்டுச் செடிகளின் மேல் படுக்காதீர்கள், அந்த வேர்கள்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. தென்னை மரத்தடியும் வேண்டாம். நிழல் நல்ல நிழல்தான், ஆனால் இரவுக் காற்றில் தேங்காயும் மட்டையும் விழும். செங்குத்தான பாறையின் அடிவாரம், மழை பெய்தால் ஓடை வரும் பள்ளம், இரண்டையும் விட்டுவிடுங்கள். கரீபியக் கரைகளில் மேன்சினீல் என்று ஒரு மரம் உண்டு, மழைக்கு அதன் கீழே ஒதுங்கினாலே சொட்டும் நீர் தோலைக் கொப்புளமாக்கிவிடும். ஊர் பேர் தெரியாத மரத்தின் பழத்தைக் கடித்துப் பார்க்கும் வீரம் யாருக்கும் வேண்டாம்.

டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்காது, முதல் பலத்த காற்றிலேயே பிடுங்கிக்கொள்ளும். இதற்காக விலை கொடுத்து அகல முளை வாங்கத் தேவையில்லை. துணிப்பையிலோ பழைய சாக்கிலோ மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒன்றரை அடி ஆழக் குழியில் புதைத்து மேலே மிதித்து இறுக்கிவிடுங்கள். பை இல்லையென்றால் கை நீளக் கட்டை ஒன்றைப் படுக்கைவாட்டில் புதைத்தாலும் சரி. ஈரமணலைப் போட்டு மூடினால் பிடிப்பு இன்னும் கூடும். டென்ட்டின் ஒடுங்கிய பக்கத்தைக் காற்றைப் பார்த்து வைத்துப் போடுங்கள், வாசல் காற்றுக்கு நேராக வேண்டாம். பகலில் கடலிலிருந்து வரும் காற்று இரவில் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்புவது சாதாரணம் என்பதால் நான்கு மூலையையும் கட்டுங்கள், இப்போது காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் கட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

டென்ட்டைவிட உபயோகமானது தார்ப்பாய். சூரியன் வந்த அரை மணி நேரத்தில் டென்ட்டுக்குள் இருக்க முடியாது, அதற்கப்புறம் நாள் முழுக்க நீங்கள் வாழப்போவது தார்ப்பாய் நிழலில்தான். கிழக்குப் பக்கம் மரமோ பாறையோ இருக்கும் இடமாகப் பார்த்தால் காலையில் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம். விரிப்புக்கு மெல்லிய ஃபோம் பாய், போர்த்திக்கொள்ள ஒரு போர்வை. சூடான நாட்டுக் கடற்கரையில்கூடப் பின்னிரவில் பனி இறங்கிக் குளிரும், ஆனால் அதற்காக மலையேற்றத்துக்கான ஸ்லீப்பிங் பேக் எல்லாம் தேவைப்படாது.

சமையலும் நெருப்பும்

பட்டியலைப் பொதுவாகப் போட்டு ஒரே ஆள் வாங்குங்கள். ஆளாளுக்கு வாங்கினால் நான்கு பாக்கெட் உப்பு வரும், லைட்டர் வராது. முதல் வேளைக்கு வீட்டிலேயே சமைத்தது, அடுத்தடுத்த வேளைகளுக்குக் கெட்டுப்போகாத உலர்பொருள், கடைசி வேளைக்கு அடுப்பே பற்ற வைக்கத் தேவையில்லாத ஏதாவது ஒன்று. படகு வராவிட்டால் சாப்பிட அடுப்பில்லாச் சாப்பாடு இன்னொரு வேளைக்கும் இருக்கட்டும். மீன் பிடித்துச் சாப்பிடலாம் என்ற திட்டத்தைச் சாப்பாட்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மீனுக்கு அது தெரியாது.

சின்ன கேஸ் அடுப்பு ஒன்று போதும், சுற்றிக் காற்றுத் தடுப்பு வையுங்கள், இல்லாவிட்டால் பாதி கேஸ் வீணாகும். மழை வந்தாலும் அடுப்பை டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். தீப்பிடிப்பது ஒரு பக்கம், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். விறகு நெருப்பு அனுமதி இருந்தால் மட்டும், அதுவும் அலை வந்து போகும் ஈரமணல் பக்கம். கடலில் ஊறி ஒதுங்கிய கட்டையை எரிக்காமல் இருப்பது நல்லது. அதில் ஏறியிருக்கும் உப்பின் குளோரின் எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் உருவாகும். எல்லாவற்றையும்விட, நெருப்பை மணல் போட்டு மூடாதீர்கள். மேலே பார்க்க வெறும் மணலாகத் தெரியும், உள்ளே தணல் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் யாராவது அதில் மிதிப்பார்கள். பக்கத்திலேயே ஒரு கடல் இருக்கிறது, வாளி வாளியாக ஊற்றிக் கிளறி, கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியாத வரை அணையுங்கள்.

கடலில் இறங்குவது

பாதுகாவலர் இல்லாத கரை என்பதை எப்போதும் மனதில் வையுங்கள். அலைகள் உடைந்து நுரைக்கும் வரிசையில் ஒரு இடம் மட்டும் அமைதியாக, கருமையாகத் தெரிந்தால் குளிக்க வசதியான இடம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேதான் பெரும்பாலும் தண்ணீர் கடலுக்குள் திரும்பி இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், அந்த இழுப்பு ஒலிம்பிக் நீச்சல்காரரையே தோற்கடிக்கும் வேகத்தில் போகலாம். மிதந்துகொண்டு மூச்சைச் சமாளித்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு அலையோடு கரைக்குத் திரும்புங்கள். முடியவில்லையென்றால் மிதந்தபடியே கையைத் தூக்கி ஆட்டுங்கள். கரையில் இருப்பவர் குதிக்காமல், மிதக்கும் எதையாவது வீச வேண்டும். மூடிய காலித் தண்ணீர் கேன் ஒன்று கயிற்றோடு தயாராக இருந்தால் அதுவே போதும். இருட்டிய பிறகும் குடித்த பிறகும் கடலில் யாரும் இறங்கக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அங்கே போய்ப் பேசினால் நடக்காது.

ஆழமில்லாத மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். அதன் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை வைத்தால் வலி குறையும், ஆனால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஜெல்லிமீன் பட்டால் சிறுநீர் ஊற்றச் சொல்லும் நண்பர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். இடி கேட்டால் தண்ணீரை விட்டு வெளியே வந்து, திறந்த மணலையும் தனி மரத்தையும் விட்டு விலகி, கடைசி இடிக்கப்புறம் 30 நிமிடம் காத்திருங்கள். டென்ட் இடியிலிருந்து பாதுகாப்புத் தராது.

சின்னத் தொல்லைகள்

பெரிய ஆபத்துகளைவிட மனநிலையைக் கெடுப்பது மணலும் பூச்சியும்தான். டென்ட் வாசலில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே என்று சட்டம் போடுங்கள். உடம்பில் ஒட்டிய மணலுக்கு டால்கம் பவுடர் தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும். மணல் ஈக்கள் சாயங்காலமும் விடியற்காலையும் காற்றில்லாத நேரத்தில் கடிக்கும், முழுக்கைச் சட்டையும் நீளப் பேன்ட்டுமே மலிவான மருந்து. பூச்சி விரட்டி மருந்தில் டீட் (DEET) என்ற ரசாயனம் இருந்தால் கண்ணாடி ஃபிரேம், வாட்ச் போன்ற பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது பிளாஸ்டிக்கை அரிக்கும்.

விளக்கு மங்கலாக இருக்கட்டும். ஆமை வரும் கரையில் வெள்ளை வெளிச்சம் வேண்டவே வேண்டாம். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கின்றன, உங்கள் டார்ச் அவற்றை எதிர்த்திசையில் இழுத்துவிடும். டார்ச் முன்னால் சிவப்புப் பிளாஸ்டிக் தாளைக் கட்டினால் போதும்.

கழிப்பறை விஷயத்தை யாரும் பேச மாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன். தண்ணீரிலிருந்தும் டென்ட்டிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஏற்றக் கோட்டுக்கு மேலே, மண் இருக்கும் இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள். டிஷ்யூ, நாப்கின் எல்லாம் ஜிப் பையில் கட்டித் திரும்பி வர வேண்டும். வெறும் மணலும் பாறையுமான சின்னத் தீவென்றால் எல்லாவற்றையுமே மூடிய வாளியில் கொண்டுவருவதுதான் முறை. குப்பைக்கு ஆளைக் குறிப்பிட்டுப் பொறுப்புக் கொடுங்கள். எல்லோருடைய வேலை என்றால் அது யாருடைய வேலையும் இல்லை.

திரும்பிய பிறகு

உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் அப்படியே மூட்டை கட்டி வைத்த டென்ட்டில் ஜிப் இறுகும், கம்பி துருப்பிடிக்கும், துணி பூஞ்சை பிடிக்கும். வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள், ஜிப் பல்லுக்குள் இருக்கும் மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். இரவல் வாங்கிய பொருளென்றால் இது இன்னும் அவசியம், அடுத்த தடவையும் கேட்க வேண்டுமே. கணக்கையும் அன்றே முடித்துவிடுங்கள்: ஒரே ஆள் எழுதிய ஒரே பட்டியல், ரசீதுகளின் போட்டோ, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு எண். ஒரு வாரம் தள்ளினால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள், மீதிப் பேர் கேட்கக் கூச்சப்படுவார்கள்.